இருபத்துநாலில் ஒரு பங்கு

பகலில் என் வேலை நொறுங்கியதை எண்ணுவது.
சங்ககிரிப் பட்டறைகளில்
சங்கிலியில் தொங்கி வந்து இறங்கும் வண்டிகளை
மூன்று சுற்றுச் சுற்றுவேன்.
சாமியைச் சுற்றுகிறாற்போல் இல்லை,
வாடகை பாக்கி வைத்தவன் வீட்டைச் சுற்றுகிறாற்போல்.
முன் பம்பர். ரேடியேட்டர். இடப்பக்கக் கதவு இரண்டும்.
தேய்மானம் போக இவ்வளவு என்று
கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு.
மறுபாதியில் கந்தவேல்
சந்தகையில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே கேட்பார்,
"இன்னைக்கு எதைய ஒட்டற?"
தின்னர் வாசம் பழகிப்போன மனுசன்.

இந்த முறை ஒரு பத்மினி.
சுங்கச்சாவடி வரிசையில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியொன்று
இடப்பக்கத்தை அப்பளமாக்கிய அதே பத்மினி.
முழு இழப்பு என்று எழுதியவள் நானே.
எடுத்த படம் எண்பத்தாறு.
எண்பத்தாறில் ஒன்றில்கூட
இடப்பக்கம் முன்னே எப்படி இருந்ததென்று இல்லை.

வலப்பக்கம் தானாக வந்தது.
பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி வளைத்தேன்.
மாத்திரை அட்டையின் குமிழ், முகப்பு விளக்கு.
செத்துப்போன சார்ஜரை உரித்தால்
பிளக்குகளுக்கு நாலு ஒயர்.
கிழிந்த குடைத்துணியில் சீட்டு.
தூசிதான் ஏமாற்றியது.
பருத்திப்பள்ளிப் பாதையில் செம்மண் அள்ளி
வேட்டித் துணியில் மூன்று தடவை சலித்துத் தூவினேன்;
டயரோரம் ஜல்லி கொட்டினாற்போல் கிடந்தது.
எல்லாம் சுருங்கும், தூசி சுருங்காது.
கடைசியில் முகப்பவுடரும் காவிப்பொடியும்.

இடப்பக்கம் மட்டும் பதினோரு நாள் வெறுமனே நின்றது.
வலத்தைக் கண்ணாடியில் காட்டினதுபோல்
செய்துவிடலாம், யாருக்குத் தெரியும்?
பொய்க் கணக்கு எழுதுகிறவர்களை
எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் சென்னியப்பனுக்குப் போன் போட்டேன்.
"ஏனுங் அம்மணி, குடுத்த காசத் திருப்பிக் கேக்கறாங்களா?"
இல்லைங்க,
அந்த இடப்பக்கம் எப்படி இருந்துச்சுங்க?
நெடுநேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.
"பின்கதவுல ஒரு கீறல் இருந்துச்சுங்.
வீட்டு கேட்டுல உரசுனது.
ஓட்டுனது எம்பட சம்சாரம், பழி எம்மேல.
அதுக்குக் கீழ பொடியன் ஒட்டுன கிளி ஸ்டிக்கர்,
பாதிதானுங், தலைப்பக்கம் பிஞ்சுபோச்சு.
முன்கதவுக் கைப்பிடி வேற வண்டியோடது."

எழுதிக்கொண்டேன்.
என் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

கீறல் போடுவதுதான் கஷ்டம்.
வெண்ணெய் நிறம் காய மூன்று நாள் பொறுத்து
ஊசியைப் பிடித்து
மூச்சை அடக்கி
ஒரே இழுப்பு.
இதற்கு எவ்வளவு கழிக்கலாம் என்று
கை தானாகப் பேனாவைத் தேடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்.
மேசை மட்டத்துக்குக் குனிந்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
இடப்பக்கம் போனார். நின்றார்.
கிளியின் வாலை விரலால் தொடப் போய்
விரலை மடக்கிக்கொண்டார்.
"டிக்கி தெறக்குங்களா?"
தெறக்காதுங்க.
"அதும் தெறக்காது."

பிறகுதான் கேட்டார்,
"புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெக்கலீங்களா?"
எலுமிச்சையை இருபத்துநாலால் வகுத்தால் கடுகு.
கந்தவேல் அஞ்சறைப்பெட்டியோடு வந்தார்.
நாலு கடுகுக்கு மஞ்சள் பூசி
நாலு டயருக்கடியில் வைத்தேன்.
சென்னியப்பன் ஒற்றை விரலால் தள்ளினார்.

நீளத்தை இருபத்துநாலால் ஒரு தடவை வகுத்தால்
கனத்தை மூன்று தடவை வகுக்க வேண்டும்.
தொள்ளாயிரம் கிலோ பத்மினி
என் மேசையில் அறுபத்தைந்து கிராம்.
ஏறியது, இறங்கியது.
கடுகு நாலும் முழுசாகக் கிடந்தன.

"நசுங்கலியே" என்றார் கந்தவேல்.
"நசுங்காட்டிப் போவுது, உடுங்" என்று
இன்னொரு தடவை தள்ளினார் அவர்,
இன்னும் கொஞ்சம் வேகமாக.
ஒரு கடுகு தெறித்து உருண்டு
சந்தகைத் தட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

பெயிண்ட்டுங்க அது, தின்னுபோடாதீங்க என்றேன்.