மூண்டும் ஒண்டும்

கொண்டாவில் பாலர் பாடசாலையில்
குட்டிக் கதிரையில் என்னை இருத்தினார் அனிற்றா ரீச்சர்.
முழங்கால் நெஞ்சைத் தொட்டது.
"பிள்ளை நல்ல கெட்டிக்காரி,
ஆனா ஒரு எண் மட்டும் வாயில வருகுதில்லை."

மாட்டுக்கு எத்தினை கால், கேசினி?
மூண்டும் ஒண்டும்.
உமக்கு எத்தினை வயசு?
மூண்டும் ஒண்டும்.
சின்னவிரலில் தொடங்கி எண்ணச் சொன்னால்
ஒண்டு, ரெண்டு, மூண்டு,
சுட்டுவிரலில் ஒரு மூச்சு நின்று
அஞ்சு.

"வீட்டில ஆரும் இப்பிடிக் கதைக்கிறவையோ?"
சிரித்தேன்.
இல்லை என்றேன்.

ஐயா சங்கக்கடை மனேச்சராக இருந்தவர்.
நாலு கிலோ அரிசி கேட்டு ஆர் வந்தாலும்
மூண்டும் ஒண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் நிறுப்பார்.
சனம் அதைப் பகிடி என்று நினைத்தது.

ஐப்பசி மழை. நாவற்குழிப் பாலம்.
சைக்கிள் கரியரில் கடைக் கணக்குக் கொப்பிகளை
யூரியாப் பையால் சுற்றிக் கட்டியிருந்தார்.
பொதுச் சொத்து, நனையக்கூடாது.
இரண்டு கையும் ஹான்டிலில்.
"கரியரைப் பிடிச்சுக்கொண்டு வா, விட்டிடாதை"
என்று தம்பிக்குச் சொன்னார்.
இருட்டில் முகம் தெரியாது, எண்ணால் கூப்பிட்டார்.
ஒண்டு? நிக்கிறன்.
ரெண்டு? நிக்கிறன் ஐயா.
மூண்டு நான்.
நாலு என்றால் துவாரகன்
பாலம் முழுக்கக் கேட்கக் கத்துவான்,
அவனுக்கு அது விளையாட்டு.
அஞ்சு அம்மாவின் இடுப்பில். அதற்குக் கதை வராது,
அம்மா பதில் சொல்லுவா.

கடைசியில் நாலு என்று எத்தனை தரம் கூப்பிட்டார்
என்று எனக்குத் தெரியும்.
அதை எழுதமாட்டேன்.

கொப்பிகள் நனையவில்லை.

கொடிகாமத்தில், ஒரு வகுப்பறை மேசையில்
நிவாரண மட்டைக்குப் பெயர் பதிந்தார்கள்.
தராசில் ஒரு கிராம் பிசகாத மனுசன்
பிள்ளைகள் ஐந்து என்றார்.
எழுதியவர் எங்களை எண்ணிப் பார்த்தார்,
பிறகு ஐயாவின் முகத்தைப் பார்த்தார்,
ஐந்து என்றே எழுதினார்.
ஐந்து பேரின் மா. ஐந்து பேரின் பருப்பு. சீனி.
துவாரகனின் பங்கை நாங்கள் நாலு பேரும்
(எழுதும்போது வருகிறது, பாருங்கள், அந்தச் சொல்)
தின்று வளர்ந்தோம்.
அந்த வருடம் நான் இரண்டு அங்குலம் உயர்ந்தேன்.
இதில் எந்த எலும்பு அவனுடையது என்று
குளிக்கும்போது இன்னும் தடவிப் பார்ப்பேன்.

கேசினிக்கு இதொன்றும் தெரியாது.
பாலம் என்றால் அவளுக்கு
கொழும்பு பஸ் கொஞ்சம் குலுங்கும் இடம்.
ஆனால் இரவில் படுத்துக்கொண்டு கேட்கிறாள்:
ரோச் லைட்டோடு ஐயா
கதவுத் தாழ்ப்பாள்களை எண்ணிக்கொண்டு வருவதை,
மூன்றாவது கதவுக்கும் ஐந்தாவது கதவுக்கும் இடையில்
வாயே திறக்காமல்
ஒரு தாழ்ப்பாளைப் போடுவதை.

"ரீச்சர் என்ன சொன்னவ?" என்று கேட்டார்.
கெட்டிக்காரி எண்டு சொன்னவ.
தலையாட்டினார். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

ராத்திரி குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு
கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.
நாலு.
நாக்கு பல்லில் முட்டி நின்றுவிட்டது.
நா என்றாலே நாக்குத்தானே,
அதையே தூக்க முடியாதவளாக நின்றேன்.
நாலு.
இரண்டாம் தரம் கொஞ்சம் சத்தமாக.
நாலு, நாலு, நாளைக்குப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கவேணும்,
நாலு.

கதவுக்குக் கீழே ரோச் வெளிச்சம்
வந்து நின்றது.
அசையவில்லை.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கனநேரம் கழித்து ஐயாவின் குரல்:
"பைப்பைப் பூட்டு பிள்ளை,
டாங்கியில தண்ணி முடியப் போகுது."