அறுபதில் தொடங்கும் சத்தம்

அறுபதைத் தொட்டதும் ஆரம்பிக்கிறது,
குடத்துக்குள் சிக்கிய வண்டு மாதிரி.
எண்பதில் அது வண்டு இல்லை,
பக்கத்துத் தெரு மாவு மில்.

டயர்தான் என்றான் இல்க்வார்ஸ்.
அக்டோபரில் நான்கையும் மாற்றினோம்.
சத்தம் புது டயரில் ஏறிக்கொண்டு
கூடவே வந்தது.

வரும் செவ்வாய் விவாகரத்து.
வீடு அவனுக்கு, வோல்வோ எனக்கு.
சத்தம் யாருக்கென்று
வக்கீலின் காகிதத்தில் இல்லை.
"ஒருதரம் ஓட்டிப் பாத்துடலாம்," என்றான்.
சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

குல்டீகாவிலிருந்து சால்டுஸ் போகும் சாலை,
உப்புக் கொட்டிக் கொட்டி வெளுத்துப்போன பிப்ரவரி.
ரேடியோவை அணைத்தான். ஹீட்டரை அணைத்தான்.
மூச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.
பத்தொன்பது வருஷத்தில்
நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை
இத்தனை கவனமாய்க் கேட்டதில்லை.

"நியூட்ரல்ல தள்ளு."
தள்ளினேன். எஞ்சின் அடங்கியது.
முனகல் அடங்கவில்லை.
எஞ்சின் நிரபராதி.
புதுத் தார் வந்தது, சொறி பிடித்த பழைய தார் வந்தது,
சுருதி மாறவே இல்லை.
டயரும் நிரபராதி. நான் சொல்லவில்லை.
அவனாகவே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"முன்னாடி இடது," என்றான்.
"வலது," என்றேன்.
இந்த மாதிரிச் சண்டை எங்களுக்குப் புதிதில்லை.
இதைத் தீர்த்துவைக்க மட்டும்
ஒரு வழி இருந்தது.

பால்பண்ணை தாண்டி ஆளில்லாத சாலை.
இடப்பக்கம் ஒடித்தேன். வண்டியின் பாரமெல்லாம்
வலது சக்கரத்தின் தலையில் சரிய
அது வாய்விட்டு அலறியது.
வலப்பக்கம் ஒடித்தேன்,
மூட்டை இறக்கிய தோள்.
அமைதி என்று சொல்ல முடியாது, ஒரு முணுமுணுப்பு.
மறுபடி இடது. மறுபடி அலறல்.
நான்காம் தரம் தேவையே இல்லை,
இருந்தும் ஒடித்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஓரங்கட்டி ஜாக்கி வைத்தான்.
என் கையை ஸ்பிரிங்கில் வைக்கச் சொல்லிவிட்டுச்
சக்கரத்தைச் சுழற்றினான்.
இரும்பு வழியாக ஏறி வந்தது நறநறப்பு,
சோற்றில் கல் கடிபட்டால்
பல்லுக்கு முன்னால் காது அறியுமே, அது.
"தெரியுதா?"
"தெரியுது."
கையுறையைக் கழற்றி
அவனும் கையை வைத்தான்
என் கைக்குப் பக்கத்தில், படாமல்.
சக்கரம் தானாக நிற்கும்வரை
இரண்டு பேரும் எடுக்கவில்லை.

பேரிங் நாற்பத்தெட்டு யூரோ.
பாதி தருகிறேன் என்றான்.
வேண்டாம் என்றேன். ஒரு கிலோமீட்டர் கழித்து
சரி என்றேன்.

திரும்பும்போது ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை நான்.
பின்னால் வந்த மரலாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.