பெயரில்லாத நிரல்

செவ்வாய்க்கிழமை. நீரிழிவுக் கிளினிக்.
இந்த மாதம் என் வேலை மருந்து எழுதுவதல்ல,
நேரம் எழுதுவது.
"எங்க அடைபடுது எண்டு பாருங்க" என்று
பணிப்பாளர் தந்த அட்டை, பென்சில்,
ஓட்டப் போட்டிக்கு வாங்கிய ஒரு நிறுத்தற்கடிகாரம்.

ஐந்தரைக்குக் காவலாளி நம்பர் துண்டு கொடுக்கிறார்.
ஐந்தரைக்குக் கை நீட்ட
புளியந்தீவில் வீடு இருக்க வேண்டும்.
கதிரவெளியின் முதல் பஸ் வந்து சேர ஏழு இருபது.
ஆகையால் வியாதி எதுவானாலும்
கதிரவெளிக்கு எப்போதும்
நூறுக்கு மேலே ஒரு நம்பர்.

"வெறும் வயிற்றில் வரவும்"
கொப்பியில் சிவப்பு முத்திரை இருக்கிறது.
எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்பதற்கு
முத்திரை செய்யவில்லை.
ஓட்டமாவடி ஜெஸீமா
விடியப்புறம் அவித்த பிட்டை மடியில் வைத்திருந்தார்.
ஒன்பதுக்கு இரத்தம் கொடுத்தும் அவிழ்க்கவில்லை.
யாரும் சொல்லவில்லையாம்.
நான் சொன்னேன். அது என் வேலையில் இல்லை.
பிட்டு ஆறி இறுகியிருந்தது.

டொக்டர் பிந்தி வருவதுதான் பிழை என்று
வாங்கில் இருந்த எல்லோரும் சொன்னார்கள்.
கடிகாரம் வேறு சொன்னது.
ஒன்பது பத்துக்கு முடிந்த அறிக்கைகள்
ஆய்வுகூடத்துப் பச்சைத் தட்டில்
ஐம்பத்தைந்து நிமிடம் படுத்துக் கிடந்தன.
மூன்று கிளினிக்குக்கும் ஒரே அரசரெத்தினம்,
முழங்கால் வீங்கிய அரசரெத்தினம்,
லிஃப்டுக்குக் காத்து நிற்கிறார்.
"படியால போவன் டொக்டர்,
போனா இறங்க ஏலாது."

இவ்வளவும் எழுதுவது சுகமாக இருந்தது.
அடுத்தவர் பிழை அல்லவா,
பென்சில் தானாக ஓடியது.

பிறகு உள்ளறை.
ஒருவருக்கு நான்கு நிமிடம், நான்கு, மூன்றரை, நான்கு,
திடீரென்று பதினைந்து.
சீனித்தம்பியின் வலது பாதம்.
ஆறு மாணவர்கள், ஒரு பாதம்.
கதை ஒன்றுதான், மூன்று தரம் சொன்னார்:
முதலில் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு,
அவன் வாயால் ஹிருணிக்குச் சிங்களத்தில்,
ஹிருணியின் வாயால் பெரிய டொக்டருக்கு ஆங்கிலத்தில்.
"உளையுதில்ல மனே,
அதுதான் பயமாக் கிடக்கு."
மூன்றாம் மொழிக்கு வந்தபோது
வலி இல்லை என்பது மட்டும் கரை சேர்ந்திருந்தது.
பயம் எந்தத் துறையில் இறங்கிற்றோ.

நல்ல பாதம், நன்றாகப் படித்தார்கள்.
மேலதிகம் பதினொரு நிமிடம்.
அந்தப் பதினொன்றை எந்த நிரலில் போடுவது?
காத்திருப்பு அல்ல. சிகிச்சையும் அல்ல.
தாமதம் என்று எழுதப் போய்
கை நின்றுவிட்டது.

நானும் இந்த அறையில்தான் நின்றேன்,
எட்டு வருடத்துக்கு முன்,
வரிசையில் ஐந்தாவது ஆளாக, குளிர்ந்த விரல்களோடு.
ஈரல் எங்கே முடிகிறது என்று
என் கைக்குத் தெரிய வந்தது
நாவலடி மீன்காரர் ஒருவரின் வயிற்றில்.
மூச்சை இழு, விடு, இன்னொருக்கா இழு.
அன்று அவருடைய மீனை யார் விற்றார்கள்?
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
இன்றைக்கும் ஈரலைத் தேடும்போது
விரல் போவது அந்த இடத்துக்குத்தான்.

மாலை அறிக்கை தட்டச்சு செய்தேன்.
தூரத்திலிருந்து வருவோருக்கு நம்பர் ஒதுக்குக.
இரண்டாவது சிற்றூழியர். சாப்பிடும் நேரத்துக்கு ஒரு முத்திரை.
லிஃப்ட்.
பணிப்பாளர் தலையாட்டுவார்,
லிஃப்டைத் தவிர மற்றதற்கு.

கடைசி நிரலின் தலையில் ஒன்றும் எழுதவில்லை.
கீழே மட்டும் எண்கள்:
பதினொன்று, ஒன்பது, பதினான்கு.

ஒன்று ஐம்பதுக்கு சீனித்தம்பி வெளியே வந்தார்,
புதுக் கட்டோடு, ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி.
ஒன்றரை பஸ்ஸைக் கேட்கவில்லை.
"எத்தின புள்ளையள் மனே உள்ளுக்க?"
ஆறு பேர் என்றேன்.
"படிக்கட்டும்" என்றார்,
"பஸ்ஸுதான் போயித்து."
அடுத்தது நாலு பத்துக்கு.