இரு பெயரும் ஒருத்தியும்

பதோவாவில் வியாழன் என்றால்
மதியத்துக்கு மேல் வரிசை நீளும்.
இத்தாலிய முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை எண்ணிக் கொடுத்து,
வாரத்தில் அரைநாள் மட்டும் தங்களுக்கென வாங்கிய
மால்டோவாப் பெண்கள்
குடையும் பிளாஸ்டிக் உறையுமாக
துணைத் தூதரகப் படிகளில் நிற்பார்கள்.

இலின்கா உள்ளே, மூன்றாம் சாளரத்தின் கண்ணாடிக்குப் பின்.
கழுத்தில் தொங்கும் அட்டை: பயிற்சியாளர்.
சம்பளம் கிடையாது. டிராம் பாஸ் உண்டு,
அதுவும் இரண்டு முறை நினைவூட்டிய பிறகு.

கிஷினாவில் நேர்காணலுக்கு முன்
வியன்னா உடன்படிக்கையை
ஷரத்து ஷரத்தாக மனப்பாடம் செய்திருந்தாள்.
தூதரகப் பையைத் திறக்கலாகாது.
தூதரின் மேனியைத் தொடலாகாது.
இங்கே முதல் வாரம் கற்றதோ:
ஸ்டேப்ளர் இடது மூலையில்,
முத்திரை கையெழுத்தை விழுங்கிவிடாமல்,
புகைப்படத்தில் பல் தெரியாமல்.
'சிரிக்காதீர்கள் அம்மா' என்று
நாளைக்கு நாற்பது முறை சொல்வதும்
ராஜதந்திரம்தான் போலும்.
சிலரிடம் அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

உடன்படித்த ஒக்தாவியான்
பிரஸ்ஸல்ஸில் இருபது கொடிகளுக்கு நடுவே நின்று
படம் அனுப்புகிறான்.
இவளிடம் இருப்பது ஒரு கொடி.
கம்பம் ஆடுகிறது.
அடியில் காகிதம் மடித்துச் செருகியதே
நாட்டுக்கு இவள் இதுவரை செய்தது.

நவம்பர் மூடுபனியில் ஒருத்தி வந்தாள்.
பழைய ரஷ்ய எழுத்தில், பிறப்புச் சான்றில், பரஸ்கோவ்யா.
கடவுச்சீட்டில் பரஸ்கோவியா.
ஓய்வூதிய அலுவலகக் கணினிக்கு
அவர்கள் இருவர்:
ஒருத்தி பிறந்தாள், ஒருநாளும் உழைக்கவில்லை.
மற்றவள் பதினோரு வருடம் உழைத்தாள், பிறக்கவே இல்லை.
'இதில் நான் யாரென்று
நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.
எனக்கு நாலரைக்கு பஸ்.'

செயலர் க்ரோசு தொலைபேசியில் இருந்தார்.
வாயை மூடிக்கொண்டு கையால் சொன்னார்:
படிவம் இல்லை, நீ எழுது.

'ஒருவராகத் தோன்றுகிறது' என்று எழுதினாள்.
அடித்தாள். அரசுக்கு எதுவும் தோன்றாது.
'என்று நம்புகிறோம்.'
அதையும் அடித்தாள். கோயில் இல்லையே இது.
மூன்றாம் தாளில்
விரல் குளிர, ஒவ்வோர் எழுத்தாக:
மேற்கண்ட இரு பெயர்களும்
ஒரே நபருடையவை எனச் சான்றளிக்கிறோம்.

சான்றளிக்கிறோம்.
யார்?
தமிழில் எழுதும் எனக்கு இங்கே ஒரு சங்கடம்.
நாங்களா, நாமா?
அவள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்;
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவளும்
வேண்டுமென்றால் அதற்குள் வந்துவிடலாம்.
நல்லவேளை, தமிழ் வினைமுற்றும்
எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

க்ரோசு ஒரு காற்புள்ளியை எடுத்தார்,
யோசித்து அதே இடத்தில் வைத்தார்,
கையெழுத்திட்டார்.
மை உலர்ந்த முத்திரையை
இலின்கா எழுந்து நின்று அழுத்தினாள்,
உள்ளங்கை சிவக்க.

வந்தவள் உதடசைத்து இருமுறை படித்தாள்.
'எழுதியது யார்?'
நான் என்று வாய்வரை வந்ததை
மென்று விழுங்கி,
'தூதரகம்' என்றாள்.
காது மடல் மட்டும் சூடாகிவிட்டது.

நாலரை பஸ் போய்விட்டிருந்தது.
தாளை நனையவிடாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
அடுத்த பஸ்ஸுக்காக
பரஸ்கோவ்யாவும் பரஸ்கோவியாவும்
ஒரே குடையில்
நடந்து போனாள்.