குச்சி விழுந்த இடம்

நாற்பத்தொரு பேர்.
எண்ணினேன். எண்ணுவது என் பழைய வேலை:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
பிறகுதான் மற்ற மூவரும் தொடங்குவார்கள்.

போர்ட் சாமர்ஸில் முன்பு கம்பளி மூட்டை அடுக்கிய கிடங்கு.
இப்போது ஒரு ஹீட்டர், பத்து பெஞ்ச், ஜூலை மாதக் குளிர்.
மேடை என்று எதுவும் இல்லை.
தரையில் விரித்த கம்பளத்தில் லோர்னா டக்கிட்,
அறுபத்திரண்டு வயது, மூக்கு நுனியில் கண்ணாடி,
காலால் மிதிக்கும் பழைய ஆர்கன் ஒன்று,
துறைமுகத்து அலையைப் பதிந்து வைத்த இரண்டு டேப் மெஷின்.
இதற்குப் பெயர் 'கீழ்க்காற்று'.
இதற்கு முன்னால் 'ஈரக் கையுறைகள்'.
அதில் நான் டிரம்ஸ்.

மூன்று வருடம், ஒரே ஆல்பம், ஐந்நூறு பிரதி.
டுனிடினில் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில்
ஒற்றை மைக்கை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு
இரண்டு மதியங்களில் முடித்தோம்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில்
என் கையிலிருந்து குச்சி நழுவியது.
விழுந்த சத்தம், குனிந்து எடுக்கும் இடைவெளி,
லோர்னாவின் அரைச் சிரிப்பு
எல்லாம் பதிந்துவிட்டது.
திரும்ப எடுக்கக் காசில்லை.

பல வருடம் கழித்து ஒசாக்காவிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார்:
'அந்தக் குச்சியை எப்படி யோசித்தீர்கள்?'
நான் அப்போது ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியில்
குளிர்பெட்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதில் போட்டேன்: 'ரொம்ப நாள் யோசித்தோம்.'

இடைவேளை. வாசலில் இருவர் புகைக்கிறார்கள்.
ஒருவன் இன்வர்கார்கிலிலிருந்து காரோட்டி வந்திருக்கிறான்.
'பழசில் ஒரு அவசரம் இருந்தது. இது வெறும் காற்று.'
அவன் பிறக்கும் முன்பே கலைந்துபோனது எங்கள் அவசரம்.
சிவப்பு மழைக்கோட்டுக்காரி தலையாட்டி மறுக்கிறாள்:
'பழசைக் கேட்டால் எனக்குத் தலைவலி.
இதில்தான் அந்த அம்மாளுக்கு
மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது.'

நான் சிகரெட்டை விட்டுப் பதினோரு வருடம்.
வெறுங்கையோடு அவர்கள் பக்கத்தில் நின்றேன்.
இருபது வயதில் எங்களுக்குத் தெரிந்தது மூன்று கார்டு.
நான்காவது தெரியாதது வெளியே தெரியாதிருக்க
வேகமாக வாசித்தோம்.
அதைத்தான் அவசரம் என்கிறான்.
சொல்லியிருக்கலாம்.
அவன் ஓட்டி வந்த தூரத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

மறுபடி உள்ளே.
பின்வரிசையிலிருந்து யாரோ
பழைய பாட்டின் பெயரைக் கத்துகிறார்கள்.
லோர்னா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.
'அதை எழுதினவள் இன்றைக்கு வரவில்லை' என்றாள்.
'வந்தால் சொல்கிறேன்.'
எல்லாரும் சிரித்தார்கள்.
அவள் வரவில்லையென்றால்
நான் யாரைப் பார்க்க டிக்கெட் வாங்கினேன்?
(வாசலில் பெயரைச் சொல்லியிருந்தால் இலவசம்.
சொல்லவில்லை. இருபத்தைந்து டாலர்.)

அப்புறம், கேட்டவனுக்காக இல்லை,
அதே பாட்டைத்தான் எடுத்தாள்.
எனக்கே அடையாளம் தெரிய நேரமானது.
மூன்று நிமிடத்தில் பாய்ந்து முடிந்தது
கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தது.
வார்த்தை இல்லை. துருத்தியின் இரைப்பு.
டேப்பில் எங்கோ நங்கூரச் சங்கிலி.
இன்வர்கார்கில்காரன் போனைப் பார்க்கிறான்.

அந்த இடம் வந்தது.
மிதியிலிருந்து காலை எடுத்தாள்.
ஆர்கன் நின்றது, டேப்பும் நின்றது.
ஒரு குச்சி விழ, ஒருவன் குனிய, தடவ, நிமிர
எவ்வளவு ஆகுமோ அவ்வளவு நேரம்
கிடங்கில் ஹீட்டர் மட்டும் உறுமியது.
நாற்பது பேருக்கு அது மௌனம்.

எண்ணக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.
ஒன்று, இரண்டு,
மூன்றிலேயே அவள் கால் இறங்கிவிட்டது.

ஒரு அடி முன்னால்.
அன்றைக்கும் இப்படித்தான்,
நான் நிமிர்வதற்குள் தொடங்கிவிடுவாள்.
எத்தனை சண்டை இதற்காக,
ஒருமுறை ஓமருவில் வேனை நிறுத்தி
நடுரோட்டில், மழையில்.

கடைசிவரை இருக்கவில்லை.
காரின் கண்ணாடியில் பனி பிடித்திருந்தது.
வீட்டில் கேட்பாள், எப்படி இருந்தது, பழைய மாதிரியா என்று.
ஸ்டியரிங்கில் தட்டிப் பார்த்தேன்.
மூன்றில்தான் இறங்கினாள்.
நிச்சயமாக மூன்றில்தான்.