படத்தில் விழாதது

இதெல் கேட்டது கடை விலையில் பாதி.
இரண்டும் கார்பன். இருபத்தொன்பது அங்குலம்.
"ஒரு கல்லில் மோதியதில்லை, ஹெலெத், சத்தியம்"
என்றான்,
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு.

அவன் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தவள் நான்.
மூன்று இடத்தில் விரிசல்.
அதைப் பேரத்தில் சொல்லக் கூடாது,
வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்திட்டிருக்கிறேன்.
"ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன்" என்றேன்.

ப்ளைனாயில் மலை என்பது மலையே அல்ல.
பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒரு கோடியை
உடைத்துக் கொட்டிய குவியல்.
யாரும் எழுதாத சிலேட்டு. விளிம்பெல்லாம் கத்தி.
மழையில் கருநீலம், வெயிலில் சாம்பல்.
வடக்கு வேல்ஸில் வெயில் எப்போது வந்தது
என்று கேட்காதீர்கள்.

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் இருக்கிறதே,
அது எல்லா அடியையும் விழுங்கிவிடும் என்கிறார்கள்
பைக்கில் ஏறாதவர்கள்.
விழுங்குவதற்கு முன்னால் மெல்ல வேண்டும்.
மெல்லும் பல், சக்கரம்.
அதிலும் பின் சக்கரம் பாவம்.
முன்னது நழுவி விலகிய கல்லில்
என் எழுபது கிலோவோடு போய் உட்காரும்.

சமையலறைத் தராசில் வைத்தேன்.
கார்பன் பின் சக்கரம் தொள்ளாயிரத்து இருபது கிராம்.
கடையில் பார்த்த அலுமினியம் ஆயிரத்து எண்பது.
நடுவில் ஒரு உருளைக்கிழங்கு.
அந்தக் கிழங்கைச் சுழற்றிச் சுழற்றி
மேட்டில் ஏற வேண்டும் என்று நினைத்தால்தான்
அது கனக்கிறது.

காசால் தட்டிக் கேள் என்றாள் மெரெரிட்.
பத்து பென்ஸ் காசு.
டிக் என்றால் நல்லது.
டொக் என்றால் உள்ளே பிளந்திருக்கிறது.
முன்னது முழுக்க டிக்.
பின்னதில், வால்வுக்குப் பக்கத்தில் மட்டும்
ஒன்று... டிக்கா, டொக்கா?
மறுபடி தட்டினால் டிக்.
இன்னொரு முறை தட்டப் பயமாக இருந்தது.

செவ்வாய் இரவு, மூன்றரை மணி.
அவசரப் பிரிவில் ஆளில்லை.
சக்கரத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோய்
மேசையில் கிடத்தினேன்.
தவறுதான். யாரிடமும் சொல்லாதீர்கள்.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று
பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

திரையில்
சக்கரம் இல்லை.
புகை வளையம் போல ஒன்று,
ஆரக்கம்பிகளின் வெள்ளைக் கீற்று,
அவை முடியும் இடத்தில் பித்தளைத் திருகுகள்
முப்பத்திரண்டு,
இருட்டில் யாரோ பல்லைக் காட்டுகிற மாதிரி.

அப்போதுதான் உறைத்தது.
பதினொரு வருடமாய் நான் மனிதர்களைக் கிடத்தும்
இந்த மேசைப் பலகையே கார்பன்.
கதிரை மறிக்காது என்பதற்காகவே போட்டது.
எலும்பு தெரியத் தன்னை மறைத்துக்கொள்ளும் பொருளிடம்
உன் விரிசலைக் காட்டு என்று
நின்றுகொண்டிருக்கிறேன்.

முன் சக்கரத்தை மட்டும் வாங்கினேன்.
பின்னால் அலுமினியம்.
"ஜோடியைப் பிரிக்கிறாயே" என்று
முகம் சுளித்தான் இதெல்.
ஐந்து பவுண்டு கூட்டிக் கொடுத்தேன்.
காலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.

ஞாயிறு, இரண்டாவது இறக்கம்.
பின்னால் "டங்" என்றது,
தண்ணீர்க் குடத்தைத் தூணில் இடித்தது போல.
நிறுத்தி, கையுறை கழற்றித் தடவினேன்.
கட்டைவிரல் நகம் அளவு நெளிவு.
சீலன்ட் கொஞ்சம் நுரைத்து அடங்கியது.
எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம்
எல்லாம் விரலுக்கே தெரிந்தது,
விளக்கு வேண்டியிருக்கவில்லை.

நாளைக்கு நிமிர்த்திக்கொள்ளலாம்.
மழை வலுக்கிறது.
கீழேயிருந்து மெரெரிட் கத்துகிறாள்,
உயிரோடு இருக்கிறாயா என்று.

"டிக்!" என்று கத்தினேன்.