பன்னிரண்டு மணி நகல்

வண்ணாரப்பேட்டை வங்கியின் பின்னறையில்
பதினாறு டிஸ்க்குகள்
பச்சைக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.
அவற்றின் இரட்டைகள் பதினாறும்
சங்கரன்கோவிலில்,
கரிசல் மண்மேல் ஒரு முதல் மாடியில்.

நான்கு மணிக்கொரு நகல்.
நகல் என்றால் போட்டோ பிடிப்பதுபோல் இல்லை.
முதலில் கணக்கு மென்பொருளை
மூச்சடக்கச் சொல்லவேண்டும்.
பாதி எழுதிய வரவு, பற்றில் ஏறாத தொகை,
கையிலிருப்பதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு
அது அசையாமல் நிற்கும்.
மூன்று விநாடி.
அதற்குள் இரட்டையைப் பிரித்துவிட வேண்டும்.

கவுண்டரிலிருந்து ஆவுடைநாயகி
"என்ன சார், சிஸ்டம் தூங்குது" என்பாள்.
அந்த மூன்று விநாடிக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மூச்சடக்காமல் பிரித்தால்
ஒரு கணக்கில் கழிந்த ரூபாய்
இன்னொன்றில் சேராமல் அந்தரத்தில் நிற்கும்.
முதல் வருடத்தில் அப்படி ஒன்று எடுத்திருக்கிறேன்.
நானூற்றுப் பதினொரு ரூபாய்.
இன்னும் யாரும் கேட்டு வரவில்லை.

மழையின் மூன்றாம் நாள்.
பன்னிரண்டு மணிக்கு நகல் சுத்தமாகப் பிரிந்தது.
பன்னிரண்டு நாற்பதுக்கு
சீவலப்பேரிப் பூரணவடிவு
இரண்டரைப் பவுன் சங்கிலியைத் திருப்பிக்கொண்டு போனாள்.
குறுக்குத்துறை முருகனைத்
தலைமுழுக வைத்த ஆறு
இரண்டு மணிக்கு
எங்கள் ஷட்டருக்கு அடியில் கை நுழைத்தது.

பதினாறு கண்களும் அணைந்தன.
ரசீதுக் கட்டுகள் அவலாய் ஊறின.

ஐந்தாம் நாள் சங்கரன்கோவில் இரட்டையை எழுப்பினோம்.
பைசா பிசகாமல் எழுந்தது.
மேனேஜர் சாம் திரவியம் கைதட்டினார்.
ஆனால் அதற்கு இன்னும் மணி பன்னிரண்டு.
ஆறு வரவில்லை. யாரும் எதையும் திருப்பவில்லை.
எழுந்த கையோடு
வட்டி பாக்கி என்று ஊருக்கெல்லாம்
மெசேஜ் அனுப்பிவிட்டது.

பூரணவடிவு வந்து நின்றாள்.
"எங்க நகை உங்க பெட்டிக்குள்ள இருக்குன்னு
போன்ல அனுப்பியிருக்கிய.
அப்போ என் கழுத்துல கெடக்குறது என்னது?"

ரசீது கேட்டேன்.
"அது ஆத்தோட போச்சு."

அவள் சொல்வது நிஜம்.
திரையில் இருப்பதும் பொய் இல்லை.
அது நாற்பது நிமிடம் இளைய நிஜம்.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
சங்கிலியை அவளே கழற்றித் தராசில் வைத்தாள்.
பத்தொன்பது கிராம், எண்ணூறு மில்லி.
லாக்கரைத் திறந்து பார்த்தோம்.
அவள் எண்ணிட்ட துணிப்பை வெறும் பையாய் இருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தை
ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திரும்ப எழுதினோம்.
இடையன்குடி ஆசிரியர் ஒருவர்
தான் எடுத்த பணத்தைத் தானே வந்து சொன்னார்.
வேறு இரண்டு பேர்
போனையே எடுக்கவில்லை.

பூரணவடிவு கணக்கில் கடைசி வரி ஏறியதும் கேட்டாள்:
"இப்பம் ஒரு நகல் எடுங்க.
நான் பாத்துட்டுப் போறேன்."

நான்கு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.
விதிப்படி கூடாது.
மென்பொருளை மூச்சடக்கச் சொன்னேன்.
கழுத்தில் கை வைத்தபடி
அவளும் அடக்கிக்கொண்டாள்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சிட்டு."

சேறு அப்பிய படியில் இறங்கும்போது
சங்கிலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள்.